கோடை விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போறீங்களா? நீர்மூழ்கிக் கப்பலுக்குள் பிள்ளைகளுக்கு ஒரு வரலாற்று வகுப்பு காத்திருக்கு!

ஸ்கூல் லீவு விட்டாச்சு. பீச்சுக்குப் போனால் அலையில் கால் நனைத்து, சோளம் சாப்பிட்டு, நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஆனால் ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் உள்ள ராமகிருஷ்ணா கடற்கரைக்கு, அதாவது ஆர்.கே. பீச்சுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்யலாம். 1971 போரின்போது கடலில் ரோந்து சென்ற ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பலுக்குள் குடும்பத்தோடு நடந்து பார்க்கலாம்.

அதுதான் ஐஎன்எஸ் குருசுரா அருங்காட்சியகம். அங்கே என்ன இருக்கு? பிள்ளைகள் என்ன கேட்கலாம்? ஏன் தள்ளிப்போடாமல் பார்க்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

மணலுக்கு எப்படி வந்தது?

குருசுரா, இந்தியக் கடற்படையின் நான்காவது நீர்மூழ்கி. சோவியத் யூனியனில் தயாரான இந்தக் கப்பல் 1969 டிசம்பர் 18-ம் தேதி ரீகா நகரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 1971 இந்தியா - பாகிஸ்தான் போரில் அரபிக்கடல் பகுதியில் பணியாற்றியது. 31 ஆண்டு சேவைக்குப் பிறகு 2001 பிப்ரவரி 27-ம் தேதி ஓய்வு பெற்றது.

வழக்கமாக இதற்கு அடுத்த இடம் பழைய இரும்புக் கடைதான். ஆனால் குருசுராவைக் கடலிலிருந்து இழுத்துக் கரையேற்றி, மணலில் நிறுத்தி, 2002 ஆகஸ்ட் மாதம் மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். நீளம் 91 மீட்டருக்கும் மேல். கிரிக்கெட் பிட்ச் நான்கரையை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.

உள்ளே என்ன பார்க்கலாம்?

ஒரு முனையில் ஏறி, கப்பலின் நீளம் முழுக்க நடந்து, மறுமுனையில் இறங்க வேண்டும். டார்பிடோ எனப்படும் நீருக்கடி ஏவுகணைகளை ஏவும் குழாய்கள் முன்பக்கம் 6, பின்பக்கம் 4 என மொத்தம் 10 இருக்கின்றன. நடுவில் கட்டுப்பாட்டு அறை, பெரிஸ்கோப், என்ஜின் அறை, சமையலறை, அடுக்குப் படுக்கைகள். சுவர் முழுக்க குழாய், வால்வு, மீட்டர்தான்.

இந்த இடுக்குக்குள்தான் சுமார் 75 பேர் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள். வெயில் கிடையாது, ஜன்னல் கிடையாது, குளிக்கத் தண்ணீரும் அளவுதான். இதையெல்லாம் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு. அந்த நடைபாதையில் எதிரில் வருபவருக்கு ஒதுங்கி வழிவிடும்போது புரிவது வேறு.

கதை சொல்வது யார்?

இந்த இடத்தின் உண்மையான பலம் இதுதான். இங்கே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். எந்த மீட்டர் எதற்கு, ஆபத்து வந்தால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் அந்த வேலையைத் தெரிந்தவர்கள் வாயாலேயே கேட்கலாம். பலரும் போட்டோ எடுக்கும் அவசரத்தில் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். நின்று கேட்டால்தான் இரும்புக் கூடு வரலாறாக மாறும்.

பிள்ளைகள் கேட்க சில கேள்விகள்:

• தண்ணீருக்கு அடியில் டீசல் என்ஜின் ஓடுமா?
ஓடாது. டீசல் எரியக் காற்று வேண்டும். அதனால் முழுவதும் மூழ்கியிருக்கும்போது பேட்டரியில்தான் மோட்டார் ஓடும். சார்ஜ் குறைந்தால் நீர்மட்டத்துக்கு அருகே வந்து, ஒரு குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை இழுத்து, டீசல் என்ஜினை ஓட்டி பேட்டரியை ஏற்ற வேண்டும். நம்ம போனுக்கு சார்ஜ் போடுவது மாதிரிதான். ஆனால் இங்கே சார்ஜ் போடும் நேரம்தான் எதிரியிடம் சிக்கக்கூடிய நேரமும்கூட.

• இரும்புக் கப்பல் எப்படி மூழ்குது, எப்படி மிதக்குது?
கப்பலில் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் எடை கூடி மூழ்கும். அழுத்தக் காற்றைச் செலுத்தி அந்த நீரை வெளியேற்றினால் மேலே வரும்.

• உள்ளே தூங்குவது, சமைப்பது, சண்டை வராமல் இருப்பது எப்படி?
இதற்கான பதிலை வழிகாட்டிகளிடமே கேளுங்கள். கடலில் வேலை பார்த்தவர் சொல்வதுபோல வேறு யாராலும் சொல்ல முடியாது.

சினிமா சொன்னதும் நிஜமும்

2017-ல் வந்த 'காஸி' படம் பார்த்த பிள்ளைகள் "அந்தக் கப்பல் இதுதானா?" என்று கேட்கலாம். இல்லை. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, 1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில் இதே விசாகப்பட்டினத்துக்கு அருகே கடலில் மூழ்கியது. அதில் இருந்த அனைவரும் உயிரிழந்தனர். இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்தைத் தேடித்தான் அது வந்தது. குருசுராவோ அப்போது நாட்டின் மறுபக்கக் கடலில் இருந்தது.

படத்தில் ஒரு இந்திய நீர்மூழ்கிதான் காஸியை வீழ்த்தும். ஆனால் இந்தியக் கடற்படை சொல்வது, ஐஎன்எஸ் ராஜ்புத் என்ற போர்க்கப்பல் வீசிய குண்டுகளால் காஸி மூழ்கியது என்று. பாகிஸ்தான் தரப்போ, அது விபத்தில் மூழ்கியதாகச் சொல்கிறது. ஒரே சம்பவத்தை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகச் சொல்லும் என்பதும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய வரலாற்றுப் பாடம்தான்.

எதிரிலேயே இன்னொன்று!

சாலையைக் கடந்தால் டியு-142 விமான அருங்காட்சியகம். நீர்மூழ்கிகளைத் தேடிப்பிடிக்கும் இந்தப் பெரிய விமானம், 2017 டிசம்பரில் இங்கே பார்வைக்கு வந்தது. ஒளிவதற்காகச் செய்தது ஒரு பக்கம், தேடுவதற்காகச் செய்தது மறுபக்கம். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்தால் கண்ணாமூச்சி ஆட்டம் போல பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

காஸியால் நெருங்கக்கூட முடியாத விக்ராந்த் இப்போது எங்கே? 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் 2012 வரை அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க முடியாமல் 2014-ல் இரும்புக்கு விற்கப்பட்டது. அதன் இரும்பு பின்னர் பைக் தயாரிக்கவும் பயன்பட்டது. 2017-ல் ஓய்வு பெற்ற ஐஎன்எஸ் விராட், 2020-ல் உடைப்பதற்காக குஜராத்தின் அலங் கடற்கரைக்குக் கொண்டுபோகப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு ஏமாற்றம் உண்டு. 2010-ல் ஓய்வு பெற்ற ஐஎன்எஸ் வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கத் திட்டமிட்டார்கள். கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்தது. அருங்காட்சியகம் மட்டும் வரவில்லை.

உப்புக்காற்றில் இரும்பு நிற்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஓயாமல் பராமரிக்கணும், அதற்குப் பணம் வேணும், பார்க்க ஆட்களும் வரணும். கப்பலையாவது பெயின்ட் அடித்துக் காப்பாற்றலாம். அதில் வேலை பார்த்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் சொல்லும்போதே கேட்டுக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது.

போகும் முன் கவனிக்க...

• திறந்திருக்கும் நேரமும் விடுமுறை நாளும் மாறலாம். கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.
• மே மாத வெயிலில் உச்சி நேரத்தைத் தவிர்த்து, மாலையில் போவது நல்லது.
• உள்ளே வழி குறுகல். கைக்குழந்தையோடு போகிறவர்கள், முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டிகள் கவனம். மூடிய இடம் என்றாலே பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.
• வால்வு, சுவிட்சைத் திருகிப் பார்க்க வேண்டாம்.
• கூட்டம் குறைவான நாளில் போனால் வழிகாட்டியிடம் நிதானமாகப் பேசலாம்.

வெளியே வந்ததும் பிள்ளையிடம் "கப்பல் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "உள்ளே இருந்தவங்க எப்படி இருந்திருப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வீடு திரும்பும் வரை பேச்சு ஓயாது.