துல்சா நகரின் ஆறாப் புண்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடி வேற்றூர் செல்லும் மக்கள் முதலில் வாடகைக்கு ஓர் அறை தேடுவர். பின்னர்த் தம்மவர் நடத்தும் கடையைத் தேடுவர். அதன் பின்னரே கோயில், பள்ளி, சங்கம் என ஒவ்வொன்றாக எழுப்புவர். காலனியில் வாழும் நமக்கு இவ் வரலாற்றை எவரும் சொல்லித் தர வேண்டுவதில்லை. நம் பாட்டனாரும் தந்தையாரும் நடந்த வழி அதுவே அன்றோ? ஆதலின், அவ்வாறே பாடுபட்டு எழுப்பிய ஒரு குடியிருப்பு ஓர் இரவிலும் ஒரு பகலிலும் சாம்பலான கதையையும், அதனை முக்கால் நூற்றாண்டு மூடி வைத்த நகரமே பின்னர்த் தோண்டியெடுத்து ஆறுதல் தேட முற்பட்ட கதையையும் இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தோம். விழா மலரில் துயரக் கதை எதற்கு என்று கேட்பார்க்கு விடை கட்டுரையின் முடிவில் உண்டு.

கிரீன்வுட் எழுந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில் அமைந்தது ஒக்லகோமா. அது 1907-ஆம் ஆண்டிலேதான் தனி மாநிலமாயிற்று. புதிய சட்டமன்றம் கையிலெடுத்த முதற் சட்டமே புகைவண்டியில் கறுப்பரும் வெள்ளையரும் தனித்தனிப் பெட்டிகளில் அமர வேண்டும் என்பதாகும். ஒரு மாநிலம் பிறந்தவுடன் எழுதிய முதல் எழுத்து அது!

அம் மாநிலத்துத் துல்சா நகரின் அருகே 1905-ஆம் ஆண்டில் எண்ணெய் ஊற்றுக் கண்டெடுக்கப்பட்டது. சிற்றூர் சில ஆண்டுகளில் செல்வ நகராயிற்று. வேலை தேடி வந்தோருள் தென் மாநிலங்களின் கறுப்பின மக்களும் பலர். அவர்தம் பெற்றோரும் பாட்டன்மாரும் 1865 வரை அடிமைகளாய் இருந்தவர்கள். இருப்புப்பாதைக்கு வடக்கே குர்லி என்னும் கறுப்பின வணிகர் நிலம் வாங்கித் தம் இனத்தார்க்கே மனைகளாகப் பிரித்து விற்றார். அவ்விடத்தில் வளர்ந்த பகுதியே கிரீன்வுட்.

வெள்ளையர் வீடுகளிலும் தொழிலகங்களிலும் உழைத்துப் பெற்ற கூலியைச் செலவிட வெள்ளையர் கடைகளில் அவர்களுக்கு இடமில்லை. எனவே அப் பணம் கிரீன்வுட்டிலேயே கைமாறிக் கைமாறிச் சுழன்றது. மளிகைக் கடை, தையற் கடை, மருத்துவமனை, நாளிதழ், படக்காட்சி அரங்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஸ்ட்ராட்போர்டு விடுதி ஆகிய யாவும் எழுந்தன. ஒதுக்கி வைத்தவர்களின் கொடுமையே ஒதுக்கப்பட்டவர்களின் வணிகத்துக்கு உரமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1921-இல் அங்கே ஏறத்தாழப் பதினாயிரம் மக்கள் வாழ்ந்தனர்.

ஓர் இரவும் ஒரு பகலும்

1921 மே 30 அன்று, செருப்புத் துடைக்கும் தொழில் செய்த ரோலண்டு என்னும் 19 வயது இளைஞன், ஒரு மாளிகையின் மின்தூக்கியில் ஏறினான். அதனை இயக்கியவள் 17 வயது வெள்ளைப் பெண். உள்ளே அவள் கூவிய ஒலி கேட்டது, அவன் ஓடினான். நடந்தது என்ன என்பது இன்றளவும் தெளிவாகவில்லை. பின்னாளில் அவன் மீது வழக்கே நிற்கவில்லை. ஆயின், மறுநாள் மாலை நாளிதழ் ஒன்று அவன் அவளைத் தாக்க முயன்றான் என்று முதற் பக்கத்தில் எழுதிவிட்டது.

பொழுது சாய்ந்ததும் நீதிமன்றத்தின் முன் வெள்ளையர் கூட்டம் திரண்டது. முந்திய ஆண்டிலேதான் அதே நகரில் சிறையிலிருந்த ஒருவனைக் கூட்டம் இழுத்துச் சென்று தூக்கிலிட்டிருந்தது, காவலர் தடுக்கவில்லை. அதனை மறவாத கறுப்பினத்தார், இளைஞனைக் காக்கத் துணை நிற்போம் என்று ஆயுதத்தோடு வந்தனர். அவருள் சிலர் முதல் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ்ப் போரிட்டவர்கள். ஒருவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பறிக்க முயன்ற கைகலப்பில் குண்டு வெடித்தது. பெருந்தீ அங்கே தொடங்கியது.

காவல் துறையினர் நூற்றுக்கணக்கான வெள்ளையர்க்குத் துணைக் காவலர் பதவி தந்தனர், படைக்கலமும் தந்தனர். ஜூன் 1 விடியலில் ஆயிரக்கணக்கானோர் இருப்புப்பாதையைக் கடந்து கிரீன்வுட்டினுள் புகுந்தனர். வீடு வீடாகக் கொள்ளையிட்டுப் பின் தீயிட்டனர். வானூர்திகள் மேலே வட்டமிட்டன. அவற்றிலிருந்தும் தாக்கினர் எனக் கண்டோர் எழுதி வைத்துள்ளனர். புகழ் பெற்ற அறுவை மருத்துவர் ஜாக்சன், இரு கைகளையும் உயர்த்திச் சரணடைய வெளிவந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டி முடித்துச் சில வாரங்களே ஆன சீயோன் மலைத் திருச்சபை எரிந்து கரிந்தது.

முப்பத்தைந்து வட்டாரங்கள் அழிந்தன. 1,250-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இறந்தோர் 36 பேர் என்றது அன்றைய அரசுக் கணக்கு. பின்னாளில் ஆய்ந்தோர் 100 முதல் 300 வரை இருக்கலாம் என்பர். உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானோர் கலையரங்கிலும் பந்தாட்டத் திடலிலும் அடைக்கப்பட்டனர். வெள்ளைக்கார முதலாளி ஒருவர் வந்து பொறுப்பேற்றால் மட்டுமே வெளியே செல்லலாம் என்பது கட்டளை. வீடிழந்தவர்களே கைதிகளாயினர், தீயிட்டவர்கள் தத்தம் வீடுகளில் உறங்கினர்.

மௌனம் என்னும் இரண்டாம் தீ

அம் மாதமே கூடிய விசாரணைக் குழு, பழி முழுவதும் கறுப்பினத்தார் மீதே என்று தீர்ப்புரைத்தது. கலகத்தால் நேர்ந்த இழப்புக்குப் பணம் தர இயலாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. நகர ஆட்சியிடம் இழப்பீடு கேட்டோரின் மனுக்களும் தள்ளப்பட்டன. தம் கடையிலிருந்து எடுத்துச் சென்ற துப்பாக்கிகளுக்கும் குண்டுகளுக்கும் விலை கேட்ட வெள்ளைக்காரக் கடைக்காரர் ஒருவர்க்கு மட்டும் பணம் கிடைத்தது!

அதற்கு மேலும் ஒன்று செய்தனர். எரிந்த மனைகளில் தீப்பிடிக்காத விலையுயர்ந்த கட்டடங்களையே எழுப்ப வேண்டும் என நகராட்சி ஒரு விதி இயற்றியது. ஏழைகள் கட்ட இயலாது நிலத்தை விட்டு நீங்க வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். அப்போது பக் கோல்பர்ட் பிராங்கிளின் என்னும் கறுப்பின வழக்கறிஞர், அலுவலகம் எரிந்து போனமையால் ஒரு கூடாரத்தில் மேசை போட்டு அமர்ந்து அவ் விதியை எதிர்த்து வழக்காடினார், வென்றார். அவர் தம் மனைவி மக்களைத் துல்சாவிற்கு அழைத்துக்கொள்ளும் வேளையிலேதான் தீ மூண்டது. அக் குடும்பம் ஒன்று சேர 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று ஆறு வயதுச் சிறுவனாய்த் தந்தையின் வரவுக்குக் காத்திருந்த மகன் ஜான் ஹோப் பிராங்கிளின், பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த வரலாற்றாசிரியருள் ஒருவரானார்.

செஞ்சிலுவைச் சங்கம் அளித்த கூடாரங்களில் ஆயிரக்கணக்கானோர் பனிக்காலத்தைக் கழித்தனர். ஆயினும் அம் மக்கள் ஊரை விடவில்லை. நான்கே ஆண்டுகளில், 1925-இல், கறுப்பின வணிகர்களின் தேசிய மாநாடு துல்சாவிலேயே கூடிற்று. எரிந்த திருச்சபையின் மீது இருந்த கடனைக் கூடச் சபையார் சிறுகச் சிறுக அடைத்து, 1952-இல் புதிய கோயிலைத் திறந்தனர்.

வீடுகள் எழுந்தன, பேச்சு மட்டும் எழவில்லை. பள்ளி நூல்களில் அந் நிகழ்ச்சி இடம்பெறவில்லை. நாளிதழின் பழைய படிகளைப் படச்சுருளில் பதிந்தபோது, மே 31-ஆம் நாளிதழின் அக் குறிப்பிட்ட செய்தி ஏற்கெனவே கிழித்தெடுக்கப்பட்டிருந்தது. வெள்ளையர் நாணத்தாலும் அச்சத்தாலும் மறைத்தனர். கறுப்பினப் பெற்றோரோ, தம் பிள்ளைகள் அச்சமின்றி வளர வேண்டும் என்று மறைத்தனர். ஒரே மௌனத்துக்குக் காரணம் இரண்டு. பிறகு 1960-களிலும் 70-களிலும், நகரச் சீரமைப்பு என்ற பெயராலும் நெடுஞ்சாலை என்ற பெயராலும், மீண்டெழுந்த கிரீன்வுட் மறுபடியும் இடிக்கப்பட்டது. தீயால் அழிந்ததை மீட்ட மக்களால், சாலைத் திட்டத்தால் அழிந்ததை மீட்க இயலவில்லை.

மூடியதைத் திறத்தல்

மௌனத்தை உடைக்க முயன்றோர் இடையிடையே இருந்தனர். நிகழ்ச்சி நடந்த சில காலத்திலேயே மேரி பாரிஷ் என்னும் மாதரசி, தப்பியவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்து நூலாக்கினார். 1971-இல் ஒரு சிற்றிதழும் 1982-இல் ஓர் ஆய்வு நூலும் உண்மையைப் பேசின. 1997-இல் மாநில அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. 2001-இல் அறிக்கை வந்தது. உயிரோடு இருப்போர்க்கும் வழித்தோன்றல்களுக்கும் இழப்பீடு தருக என்று அது பரிந்துரைத்தது. அரசு குற்றத்தை ஏற்றது; நூற்றுக்கு மேற்பட்ட முதியோர்க்குப் பதக்கம் அளித்தது; கல்வி உதவிக்கும் நினைவகத்துக்கும் வழி செய்தது. பணம் மட்டும் தரவில்லை.

2010-இல் ஜான் ஹோப் பிராங்கிளின் பெயரால் நல்லிணக்கப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே மூன்று வெண்கலச் சிலைகள் உள்ளன: படைக்கலம் ஏந்திய வெள்ளையன், கைகளை உயர்த்திய கறுப்பன், கறுப்புக் குழந்தையைக் கையில் ஏந்திய செஞ்சிலுவைத் தலைவர். பகை, இழிவு, நம்பிக்கை என்பன அவற்றின் பெயர்கள். 2013-இல் நகரக் காவல் தலைவர், மக்களைக் காக்கத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்டார். முன்பு "கலகம்" என்றே வழங்கியதை இப்போது "படுகொலை" என்று அழைக்கத் தொடங்கினர். கலகம் என்றால் இரு தரப்பும் குற்றவாளிகள். படுகொலை என்றால் கொன்றவன் ஒருவன், மாண்டவன் ஒருவன். சொல்லைத் திருத்துவதே நீதியின் முதற்படி என்பது நம் துணிபு.

2018-இல் நகர ஆட்சி இரண்டு செயல்களைத் தொடங்கியது. ஒன்று, இன வேற்றுமையை அளந்து பார்ப்பது. துல்சாவின் வடபகுதியில் மிக வறிய வட்டாரத்தில் பிறக்கும் குழந்தை, நகரின் பிற பகுதியில் பிறக்கும் குழந்தையை விடப் பதினோர் ஆண்டுகள் குறைவாகவே வாழக்கூடும் என்று நகர ஆட்சியே ஒப்புக்கொண்டது. கல்வி, வீடு, நீதி, உடல்நலம் முதலிய ஆறு துறைகளில் 54 அளவுகோல்களை வகுத்து, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட முனைந்தது. மற்றொன்று, பெயரின்றிப் புதைக்கப்பட்டோரின் குழிகளைத் தேடுவது. 2020-இல் ஓக்லான் இடுகாட்டில் தோண்டியபோது, குறிப்பேதுமற்ற பல சவப்பெட்டிகள் வெளிப்பட்டன.

இங்கும் ஒரு பாடம் உண்டு. 2021-இல், எடுத்த எலும்புகளை நகர ஆட்சி மீண்டும் அடக்கம் செய்தபோது, எங்களை உரியவாறு கேட்கவில்லையே என்று வழித்தோன்றல்கள் வேலிக்கு வெளியே நின்று முறையிட்டனர். நன்மை செய்வதாயினும், நோயுற்றவனைக் கேளாது செய்யும் மருத்துவம் புண்ணைக் கிளறும்.

2024 ஜூலையில், அவ் வெலும்புகளுள் ஒன்றுக்கு முதன்முதலாகப் பெயர் கிடைத்தது. சி. எல். டேனியல், ஜார்ஜியா மாநிலத்தவர், முதல் உலகப் போர்க் காலத்தில் படையில் இருந்தவர். மரபணு ஆய்வோடு துணை நின்றது ஒரு பழைய கடிதம். அவர் தாயின் பொருட்டு 1936-இல் அரசுக்கு எழுதப்பட்ட அம் மடலில், மகன் துல்சாவில் மாண்டான் என்ற செய்தி இருந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் ஏடுகளுக்கிடையே கிடந்த காகிதம், மகனுக்குப் பெயரை மீட்டுத் தந்தது.

ஆறியதும் ஆறாததும்

தப்பிய முதியோர் மூவர் 2020-இல் தொடுத்த வழக்கை, 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவருள் வயோலா பிளெட்சர் என்னும் மூதாட்டி 2021-இல், தம் 107-ஆம் வயதில், அமெரிக்கக் காங்கிரசின் முன் அமர்ந்து, ஏழு வயதில் கண்டதை எடுத்துரைத்தார். 2025 நவம்பரில் தம் 111-ஆம் வயதில், நீதிமன்றத்தின் வழியே ஒரு காசும் பெறாமலே அவர் மறைந்தார். துல்சாவின் முதற் கறுப்பின மேயராக 2024-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ரோ நிக்கல்ஸ், 2025 ஜூன் 1 அன்று, பத்தரைக் கோடி டாலர் தனியார் நன்கொடை திரட்டி வீடுகளுக்கும் நினைவிடங்களுக்கும் கல்விக்கும் செலவிடும் திட்டத்தை அறிவித்தார். தனித்தனியே கையிற் பணம் தருவது அதிலும் இல்லை.

பூங்காவும் சிலையும் வீண் என்று நாம் கூறோம். உண்மையை உரக்கச் சொல்வது, மாண்டோர்க்குப் பெயர் தருவது, இன்றைய வேற்றுமையை எண்ணிட்டு வெளியிடுவது ஆகியவை மருந்தே. ஆயின், பறித்ததைத் திருப்பித் தராத மன்னிப்பு பாதி மருந்தே ஆகும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நம் சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினால் பொங்கல் விழாவும் நாடகமும் பரிசளிப்பும் நிறைந்துள்ளன. அவை வேண்டுவனவே. ஆனால், முதன்முதல் வந்தவர்கள் வீடு கிடைக்காது அலைந்த நாள்களும், மொழி தெரியாமல் பட்ட இழிவும், விளக்கை அணைத்துவிட்டு விழித்திருந்த இரவுகளும், நல்ல அயலார் அன்று காட்டிய ஆதரவும் எங்கே? பிள்ளைகள் அஞ்சக்கூடாதென்று நம் பெரியோர்களும் சொல்லாது விட்டனர். துல்சாவின் துயரத்தோடு நம் சிறு துன்பங்களை ஒப்பிடுதல் தகாது. எனினும் மௌனத்தின் இயல்பு எங்கும் ஒன்றே. இவ்வாண்டு கோடை விடுமுறையில், பாட்டியின் அருகே ஒரு குறிப்பேட்டோடு அமருமாறு நம் இளைஞர்களை வேண்டுகின்றோம். அவர் சொல்வதை, இனிப்பும் கசப்பும் விலக்காது எழுதித் தாருங்கள். அடுத்த மலரில் அதற்கு இடம் ஒதுக்கி வைப்போம்.