அமைச்சரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

மாகாணத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபை ஒரு காலத்தில் முடிவு செய்திருந்தது. நம் இளைஞரிற் பலர் இதனை அறியார். 1947 ஜூலையில் சர்தார் படேல் தலைமையிலான குழு, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துக் கவர்னரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பரிந்துரைத்தது, சபையும் ஏற்றது. பின்னர், மக்கள் தேர்ந்த கவர்னரும் சட்டமன்றத்தின் ஆதரவு பெற்ற முதலமைச்சரும் மோதிக்கொள்வர் என்ற அச்சம் எழுந்தது. 1949 மே மாத இறுதியில், கவர்னரைக் குடியரசுத் தலைவரே நியமிப்பார் என்று மாற்றிவிட்டனர்.

கவர்னரைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது அமைச்சரவை. அதனைக் கண்டவர் அண்ணல் அம்பேத்கர். அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் சார்பில் 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில் ஒரு புதுமுறையை வகுத்தார். மத்தியிலாயினும் மாநிலத்திலாயினும், சட்டமன்றத்தின் ஆயுள் முடியுமுன் ஆட்சியைக் கவிழ்த்தல் கூடாது. பிரதமரைச் சபை முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறுபான்மையோரின் அமைச்சரை, சபையிலுள்ள அச்சிறுபான்மை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அமைச்சர் சபை உறுப்பினர் அல்லராயினும் அங்கே அமர்ந்து விடையளிக்கலாம்.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? இங்கிலாந்தில் இன்றைய சிறுபான்மைக் கட்சி நாளை பெரும்பான்மை ஆகலாம். இந்நாட்டிலோ பெரும்பான்மை பிறப்பால் அமைவது, அது மாறுவதில்லை. அத்தகைய பெரும்பான்மை தானே பொறுக்கி எடுக்கும் அமைச்சர் எவருக்கு நன்றியுடையவராய் இருப்பார்?

1948 நவம்பர் 4ஆம் நாள், வரைவுக் குழுத் தலைவராகப் பேசிய அதே அண்ணல், நாடாளுமன்ற முறையையே ஆதரித்தார். அமெரிக்க முறையில் நிலைபேறு மிகுதி, பொறுப்பு குறைவு. நாள்தோறும் கேள்வி கேட்கும் முறையே மேல் என்றார். முன்னது தம் மக்களுக்காக வாதாடிய வழக்குரைஞரின் குரல், பின்னது சபைக்காகப் பேசிய தலைவரின் குரல் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

முடிவில், சட்டமன்றத்தில் தனித்தொகுதிகள் கிடைத்தன; அமைச்சரைத் தேரும் உரிமை கிடைக்கவில்லை. 164ஆம் பிரிவின்படி முதலமைச்சரின் ஆலோசனைப்படியே கவர்னர் அமைச்சர்களை நியமிக்கிறார். அப்பிரிவில், பீகார், மத்தியப் பிரதேசம், ஒரிசா ஆகிய மாநிலங்களுக்குப் பழங்குடி நல அமைச்சர் ஒருவர் கட்டாயம் வேண்டுமென ஒரு விதி சேர்த்தனர். 2006இல் பீகாரை நீக்கிச் சத்தீஸ்கரையும் ஜார்க்கண்டையும் அதிற் சேர்த்தனர். அந்த அமைச்சர் பழங்குடியினராய் இருக்க வேண்டுமென்று அதிலும் எழுதப்படவில்லை.