எண்ணப்பட்ட பிள்ளைகள், எண்ணப்படாத கல்வி

என் அப்பத்தா மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். தெருப் பெண்களின் சீட்டுக் கணக்கை நாற்பது ஆண்டுகள் அவர்தான் எழுதினார். வட்டியை மனத்திலேயே போட்டுச் சொல்வார். அவர் படித்த பள்ளி நல்ல பள்ளியா? இடைநிற்றல் கணக்கைப் பார்த்தால் அது அவர் விஷயத்தில் தோற்ற பள்ளி. சீட்டு நோட்டைப் பார்த்தால் வேறு விடை வருகிறது. தொடக்கப் பள்ளியின் தரத்தை அளப்பவர் யார், எதை அளக்கிறார் என்ற கேள்விக்கு இங்கே இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதில் பெண்பிள்ளை எந்த இடத்தில் வைக்கப்பட்டாள் என்பதே என் கவலை.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் பள்ளிகளையும் மாணவர்களையும் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆண், பெண் என்ற பிரிவு. 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பில் மொத்தத் தொகை இருக்கிறது: 12,498 பள்ளிகள், 1,84,110 ஆண்பிள்ளைகள், 4,540 பெண்பிள்ளைகள். நாற்பது பையன்களுக்கு ஒரு பெண்.

பள்ளிக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் கோயில் சார்ந்த ஆடல் மகளிர் குடும்பத்தவர் என்று கலெக்டர்கள் பலர் எழுதினார்கள். குடும்பப் பெண் படிப்பது அடக்கமின்மையாகக் கருதப்படுகிறது என்று மன்றோவும் பதிவு செய்தார். ஆனால் அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபாரின் கணக்கைப் பாருங்கள்: முஸ்லிம் பையன்கள் 3,196, முஸ்லிம் பெண்பிள்ளைகள் 1,122. 'பெண்ணைப் படிக்கவைக்கும் வழக்கம் இங்கே இல்லை' என்ற பொதுப்பேச்சை அந்த ஒரு கட்டமே மறுக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பையன்கள் பலர் வீட்டிலேயே கற்கிறார்கள் என்பதால், கல்வி பெறும் ஆண்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு அருகில் இருக்கும் என்று மன்றோ உயர்த்தி மதிப்பிட்டார். பெண்கள் வீட்டில் கற்றது அந்த மதிப்பீட்டுக்குள் வரவில்லை. திண்ணையில் பையன் கற்றது கல்வி. அடுப்படியில் அவன் அக்கா கற்றது எதுவுமில்லை.

மன்றோ எண்ணிக்கையைக் கேட்டார். அடுத்து வந்தவர்கள் தரத்தைக் கேட்டார்கள். 1862இல் இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் தவறினால் பள்ளிக்கு வரவேண்டிய பணம் குறையும். அந்த 1860களிலேயே இம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மெதுவாகக் கற்கும் பிள்ளை பள்ளிக்கு நட்டமானது. ஆய்வு நாளுக்கான மனப்பாடமே பாடமானது.

இங்கிலாந்தின் மானியப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் கட்டாயம். அதற்கு நேரம் போவதால் கணக்கில் அவர்களிடம் குறைவாக எதிர்பார்த்தால் போதும் என்று ஆய்வாளர்கள் சலுகை காட்டினார்கள். சென்னையிலும் பெண்பள்ளிப் பாடங்களில் தையலுக்கு இடம் இருந்தது. கணக்குக்கான நேரத்தை ஊசிக்குக் கொடுத்துவிட்டு, 'பெண்ணுக்குக் கணக்கு வராது' என்று சொல்வது எவ்வளவு எளிது!

1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் புனேவில் சாட்சியம் அளித்த பண்டித ரமாபாய் இதன் வேரைத் தொட்டார். ஆசிரியைகளுக்குப் பயிற்சி வேண்டும், பெண்பள்ளிகளை ஆய்வு செய்யப் பெண்களையே நியமிக்க வேண்டும் என்றார். பெண்ணின் சிறு குற்றத்தையும் மலையாக்கி அவள் பெயரைக் கெடுக்கும் ஆண்களைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். ஆய்வாளரின் ஒரு வரி ஆசிரியையின் வேலையை மட்டுமல்ல, வாழ்வையே முடித்துவிடக்கூடிய காலம் அது. சென்னை மாகாணத்தில் இசபெல் பிராண்டர் போன்ற பெண் ஆய்வாளர்கள் பணியாற்றினார்கள். மழலையர் கற்பித்தல் முறை பற்றி அவர் நூலும் எழுதினார்.

தேர்ச்சிக்கேற்ற மானியத்தை அரசின் 1904 கல்விக் கொள்கைத் தீர்மானம் குறை கூறிக் கைவிட்டது. அதன் பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் படிவம் முதலில் கேட்பது வருகை, மதிப்பெண், கழிப்பறை எண்ணிக்கை. இவை வேண்டாதவை அல்ல. கழிப்பறையைப் பட்டியலில் சேர்க்கவே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது? வகுப்பைப் பெருக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், கரும்பலகைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? தம்பியைப் பார்த்துக்கொள்ள எந்தக் கிழமைகளில் அவள் வீட்டில் நிறுத்தப்படுகிறாள், அடுத்த நாள் அதை யாராவது கேட்கிறார்களா?

ஆசிரியப் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் போகும் மாணவிகளிடம் இந்தக் கேள்விகளையும் எழுதி எடுத்துப் போகச் சொல்கிறேன். அப்பத்தாவின் சீட்டு நோட்டு என் மேசையில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பதினேழு பெண்களின் பெயர்கள், அவரவர் பாக்கித் தொகையோடு. கூட்டிப் பார்த்தேன். ஒரு பைசா பிசகவில்லை.