ஐந்து நாள் அவகாசம்

2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் ஜேம்ஸ் பிரேடி என்னும் முதியவர் தமது 73-ஆம் வயதில் உயிர் நீத்தார். நெடுநாள் உடல்நலம் குன்றியிருந்தவர். முதுமையின் இயல்பான முடிவு என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் உடலை ஆராய்ந்த அரசு மருத்துவர், 'இது கொலை' என்று பதிவு செய்தார். அக்கொலைக்குக் காரணமான தோட்டா பாய்ந்த நாள் 1981 மார்ச் 30. உடலுக்குள் புகுந்து 33 ஆண்டுகள் கழித்து அது தன் வேலையை முடித்தது.

பிரேடி, குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகனின் பத்திரிகைச் செயலாளராக இருந்தவர். வாஷிங்டனில் ஒரு விடுதியின் வாயிலில் ரீகனைக் கொல்ல முயன்ற இளைஞன் சுட்ட குண்டுகளுள் ஒன்று இவரது தலையைத் துளைத்தது. பேச்சும் நடையும் அன்றே தளர்ந்தன. அவ்விளைஞன் சில மாதங்களுக்கு முன் நாஷ்வில் விமான நிலையத்தில் கைத்துப்பாக்கிகளுடன் பிடிபட்டு, அபராதம் செலுத்தி வெளியேறியவன். அடுத்த சில நாள்களிலேயே டல்லஸ் நகரின் அடகுக் கடையொன்றில் புதிய சுழல்துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். தான் அப்போது வசிக்காத முகவரியைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தான். அதைச் சரிபார்க்கும் கடமை எவருக்கும் இல்லை. சரிபார்ப்பதற்கான நேரமும் இல்லை. பணத்தைக் கொடுத்தான், பொருளைப் பெற்றான்.

அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தை 'உரிமை', 'தடை' என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிப் பேசுவதே வழக்கம். அவ்வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தபோது நம் கண்ணில் அடிக்கடி பட்டது மூன்றாவது சொல் ஒன்று: அவகாசம். வாங்குவதற்கும் கையில் பெறுவதற்கும் இடையே எத்தனை நாள்? ஒரு சாவுக்கும் அது பெற்றெடுக்கும் சட்டத்துக்கும் இடையே எத்தனை ஆண்டு? இவ்விரு கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரலாற்றுக்குள் செல்வோம்.

தொடக்கம் 1791. அவ்வாண்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தம், மூலமொழியில் 27 சொற்களே கொண்ட ஒரே வாக்கியம். முன்பாதி, சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை தேவை என்கிறது. பின்பாதி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. முன்பாதி பின்பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, வெறும் முன்னுரையா? இரு நூற்றாண்டுச் சண்டையும் இந்த ஐயத்திலிருந்து கிளைத்ததே. திருமறை வாக்கியம் ஒன்றின் காற்புள்ளிக்காகக் குருமடத்தில் நாள்கணக்கில் வாதாடிய நமக்கு இது வியப்பளிக்கவில்லை. எனினும் நம் காற்புள்ளிகளால் எவரும் இரத்தம் சிந்தவில்லை என்று சொல்ல நினைத்து, திருச்சபை வரலாற்றை எண்ணி அடக்கிக்கொள்கிறோம்.

நெடுங்காலம் நீதிமன்றங்கள் முன்பாதிக்கே எடை தந்தன. மதுவிலக்குக் காலத்துக் கொள்ளைக் கூட்டங்களின் அட்டூழியத்துக்குப் பின் 1934-இல் வந்த முதல் பெரிய தேசியச் சட்டம், இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் அறுத்த துப்பாக்கிக்கும் 200 டாலர் வரி விதித்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. முதல் வரைவில் இருந்த கைத்துப்பாக்கி, இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது. 1939-இல் உச்ச நீதிமன்றமும், குழல் அறுத்த துப்பாக்கிக்கும் குடிமக்கள் படைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று கூறி அச்சட்டத்துக்கு இசைந்தது.

அடுத்த பெரிய சட்டத்துக்கு 34 ஆண்டுகளும் மூன்று புகழ்பெற்ற உயிர்களும் தேவைப்பட்டன. 1963-இல் லீ ஹார்வி ஆஸ்வால்ட், தேசிய ரைபிள் சங்கத்தின் இதழில் வந்த விளம்பரக் கூப்பனை வெட்டி நிரப்பி, பொய்ப்பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு 21 டாலர் 45 சென்ட் அனுப்பினான். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிள் ஒன்று டல்லஸ் அஞ்சல் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 22-இல் ஜான் கென்னடி கொல்லப்பட்டார். கடிதம் வருவதுபோல் துப்பாக்கி வந்த காலம் அது! கனெக்டிகட் மாநில மேலவை உறுப்பினர் தாமஸ் டாட், அந்தக் கொலைக்கு முன்னரே அஞ்சல் வழிக் கைத்துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்திருந்தார். கொலைக்குப் பின் ரைபிளையும் அதில் சேர்த்தார். மசோதா ஐந்தாண்டுகள் குழுக்களுக்குள் கிடந்தது. இங்கே ஒன்றை மறைத்தல் முறையன்று: டாடின் மாநிலம் துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்தது, வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான துப்பாக்கிகள் அத்தொழிலை அரித்துவந்தன. அறநோக்கும் வணிக நோக்கும் அருகருகே அமர்ந்திருந்தன. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, அக்டோபர் 22-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் சட்டத்தில் கையொப்பமிட்டார். அஞ்சல் விற்பனை நின்றது. குற்றவாளிகளும் வேறு சிலரும் வாங்கக் கூடாதென்ற விலக்கும் வந்தது. ஆனால் வாங்குபவன் படிவத்தில் எழுதித் தரும் வாக்கே சான்று. துப்பாக்கிப் பதிவும் உரிமமும் இல்லாமற்போனதற்காக ஜான்சன் அன்றே வருந்தினார்.

கிங்கின் பெயரை எழுதியதும் ஒரு செய்தி நினைவை உறுத்துகிறது. 1956-இல் அவரது இல்லத்தின்மீது குண்டு வீசப்பட்டது. அதன்பின் துப்பாக்கி தாங்குவதற்கு உரிமம் கேட்டு அவர் விண்ணப்பித்தார். அலபாமா அதிகாரிகள் மறுத்துவிட்டனர். பின்னர் அகிம்சையில் உறுதிப்பட்டு, வீட்டில் இருந்த ஆயுதங்களையும் அவர் விலக்கினார். ஆனால் அம்மறுப்பு அகிம்சையால் பிறந்ததன்று, நிறவெறியால் பிறந்தது. 1967-இல் கறுப்பினப் போராளிகள் துப்பாக்கி ஏந்திக் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் சென்றபின், பொது இடத்தில் குண்டேற்றிய துப்பாக்கி தாங்குவதைத் தடுக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அன்றைய ஆளுநர் ரீகன்! ஒழுங்குமுறைச் சட்டம் எளியோரைக் காக்கவும் பயன்படும், அடக்கவும் பயன்படும் என்பதை அந்நாட்டு ஏழைகள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

இதற்கிடையே தேசிய ரைபிள் சங்கமும் உருமாறியது. 1871-இல் வடபுலப் படையின் முன்னாள் அதிகாரிகள், வீரர்களின் குறிபார்க்கும் திறன் போதாதென்று கண்டு தொடங்கிய சங்கம் அது. 1934-இல் அதன் தலைவர், துப்பாக்கி தாங்கித் திரிவதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டுமென நாடாளுமன்றக் குழுவின் முன்பே சொல்லியிருக்கிறார். 1977-இல் சின்சினாட்டி நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் கிளர்ந்த உறுப்பினர்கள் பழைய தலைமையை ஒரே இரவில் வீழ்த்தினர். அன்று முதல் அதன் முதல் வேலை, சட்டத்தைத் தடுப்பது.

இந்தச் சங்கத்துக்கு எதிரே நின்றவர் பிரேடியின் மனைவி சாரா. கணவர் சுடப்பட்டவுடன் அவர் களத்தில் இறங்கிவிடவில்லை. 1980-களின் நடுவில், நண்பர் ஒருவரின் வண்டியில் ஏறியபோது, இருக்கையில் கிடந்த சிறு கைத்துப்பாக்கியை அவருடைய சிறுவயது மகன் விளையாட்டுப் பொருளென்று எடுத்து நீட்டினான். அது மெய்யான துப்பாக்கி, குண்டும் ஏற்றியிருந்தது. அன்றுதான் அந்தத் தாய் எழுந்தார். குடியரசுக் கட்சிக் குடும்பத்தில் பிறந்தவர், அக்கட்சிக்கே பணியாற்றியவர். 1987-இல் மசோதா முன்வைக்கப்பட்டது. அது கேட்டதெல்லாம் கைத்துப்பாக்கி வாங்குபவர் சில நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் காவல்துறை அவரது பின்னணியை விசாரிக்க வேண்டும் என்பதே. 1975-லேயே அமெரிக்க ஆயர்களின் சமூக வளர்ச்சிக் குழு, கைத்துப்பாக்கி வன்முறையை உயிருக்கு அச்சுறுத்தல் என்று அறிவித்து, விற்பனைக்கும் ஒப்படைப்புக்கும் இடையே மனம் தணியச் சில நாள் இடைவெளி வேண்டுமெனக் கேட்டிருந்தது. கேட்ட செவிகள் அன்று குறைவு.

எதிர்த்தவர்களையும் நேர்மையோடு கேட்க வேண்டும். அவர்களும் அவகாசத்தைப் பற்றியே பேசினார்கள். பிரிந்துபோன கணவன் கொன்றுவிடுவேன் என்று மிரட்டும்போது ஒரு பெண் ஐந்து நாள் எப்படிக் காத்திருப்பாள்? காவலர் வந்துசேர ஒரு மணி நேரமாகும் பண்ணை வீட்டில் இரவில் கதவை உடைத்து நுழைபவன் காத்திருப்பானா? குற்றவாளி கடைக்கே வரமாட்டான், கள்ளச் சந்தைக்குப் போவான்; நல்லவனைத்தானே நிறுத்தி வைக்கிறீர்கள்? இக்கேள்விகளை ஆயுத வணிகரின் சூழ்ச்சி என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. அச்சத்தில் வாழும் பெண்ணின் கேள்விக்கு ஒரு அரசு மெய்யான விடை வைத்திருக்க வேண்டும்.

மசோதா 1988-இல் தோற்றது. 1991-இல் இரு அவைகளிலும் ஆதரவு பெற்றும் கரை சேரவில்லை. அவ்வாண்டு மார்ச்சில், சுடப்பட்டுப் பத்தாண்டு நிறையும் வேளையில், தம் உயிரைக் காத்த மருத்துவமனைக்கு உரிய ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நின்று ரீகன் அம்மசோதாவுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். தாமும் ரைபிள் சங்க உறுப்பினர் என்பதை மறைக்கவில்லை. 1993 நவம்பர் 30-இல் கிளின்டன் கையொப்பமிட்டபோது, சக்கர நாற்காலியில் அருகே அமர்ந்திருந்தார் பிரேடி. சட்டம் பிறக்க ஏறத்தாழ ஏழாண்டு. அது கேட்ட காத்திருப்பு ஐந்து வேலை நாள். அந்த ஐந்து நாளும் நிலைக்கவில்லை. கணினிவழி விசாரணை தயாரானதும் காத்திருப்பு ஒழியும் என்ற நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துத்தான் உடன்பாடு கண்டார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம், உள்ளூர்க் காவல் அதிகாரிகளை விசாரணை செய்யக் கட்டாயப்படுத்துதல் தகாதென்றது. 1998 நவம்பரில் கணினி வந்தது. பெரும்பாலான விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தன. ஐந்து நாள் போயிற்று.

அந்நாள்களால் விளைந்ததென்ன? 2000-இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்று, பிரேடி சட்டத்தால் கொலைகள் குறைந்தமைக்குச் சான்றில்லை என்று கண்டது. ஆதரவாளர்களுக்கு அது கசப்பான முடிவு. ஆனால் 55 வயதைக் கடந்தோரிடையே துப்பாக்கியால் நிகழும் தற்கொலைகள் குறைந்திருந்தன. அக்குறைவு காத்திருப்பு புதிதாக வந்த மாநிலங்களில் கூடுதலாகத் தென்பட்டது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதை நம்மில் பலர் அறியோம். 2021-இல் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மையே சுட்டுக்கொண்டவர்கள். துப்பாக்கியால் அவ்வாறு முயல்வோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. நம் பங்குகளில் பூச்சிமருந்து குடித்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். வழியிலேயே, 'சாமி, தெரியாமல் செய்துவிட்டேன், காப்பாற்றுங்கள்' என்று கையைப் பற்றிய விரல்களின் இறுக்கம் இன்னும் நினைவில் உள்ளது. சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொல்வதற்காவது அவர்களுக்கு நேரம் வாய்த்தது.

2008-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆயுத உரிமை தனிமனிதனுக்குரியது, குடிமக்கள் படையோடு பிணைந்ததன்று எனத் தீர்த்தது. 2022-இல் மேலும் ஒரு படி சென்று, துப்பாக்கிச் சட்டம் எதுவாயினும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு ஒப்புமை இருக்க வேண்டும் என்றது. சில மாநிலங்கள் தாமாக வைத்துள்ள காத்திருப்புச் சட்டங்களும் அத்தீர்ப்புக்குப் பின் நீதிமன்றங்களில் கேள்விக்கு உள்ளாயின.

இனிச் சார்ல்ஸ்டன். கணினி விசாரணையிலும் ஓர் அவகாசம் உண்டு. ஆனால் அது அரசுக்குக் கட்டப்பட்ட கெடு. மூன்று வேலை நாள்களுக்குள் அரசு விடை தராவிட்டால், கடைக்காரர் விற்றுவிடலாம். 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் ஓர் இளைஞனின் விண்ணப்பம் இவ்வாறு நிலுவையில் நின்றது. போதைப்பொருள் வழக்கில் அவன் ஒப்புக்கொண்டிருந்த செய்தி கிடைத்திருந்தால் விற்பனை மறுக்கப்பட்டிருக்கும். பதிவேட்டுப் பிழையால் விசாரணையாளர் உரிய காவல் நிலையத்தைக் கண்டறியவில்லை. மூன்று நாள் கடந்தது. துப்பாக்கி கைக்கு வந்தது. ஜூன் 17 புதன்கிழமை மாலை, இம்மானுவேல் என்னும் கறுப்பின மக்களின் தொன்மையான ஆலயத்தில் விவிலிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே வந்த அந்நியனை வரவேற்று அமர்த்தினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர்களோடு இருந்தான். நிறைவு மன்றாட்டுக்காக அவர்கள் கண்களை மூடியபோது சுட்டான். போதகர் கிளெமென்டா பிங்க்னி உள்ளிட்ட ஒன்பது பேர் இறந்தனர்.

இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், இறந்தோரின் உறவினர் சிலர் அவனைப் பார்த்து மன்னிப்பதாகச் சொன்னார்கள். உலகம் அதைக் கேட்டு உருகிற்று. நாமும் மறையுரைகளில் எடுத்துரைத்தோம். நாம் எடுத்துரைக்காத பகுதியும் ஒன்றுண்டு. அக்குடும்பங்கள் அரசின்மேல் வழக்குத் தொடுத்தன. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2021 அக்டோபரில், 88 மில்லியன் டாலர் வழங்க அரசு உடன்பட்டது. மூன்று நாள் கெடுவை நீட்டிக்கும் மசோதாவை மக்களவை 2019-இலும் 2021-இலும் நிறைவேற்றியது. மேலவையில் இருமுறையும் அது நின்றுபோயிற்று. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியர்களும் கொல்லப்பட்டபின், ஜூன் 25-இல் வந்த சட்டம் அக்கெடுவைப் பத்து வேலை நாள்வரை நீட்டிக்க வழிசெய்தது. ஆனால் 21 வயது நிறையாத வாங்குபவர்களுக்கு மட்டும். சார்ல்ஸ்டனில் சுட்டவன் துப்பாக்கியைப் பெற்றபோது அவனுக்கு 21 வயது நிறைந்து சில நாள்களே ஆகியிருந்தன.