‘கல்லு வந்துருச்சு’

பத்துமலையில் காவடி எடுத்தவர்களுக்கு அந்த வெளிறிய கல்மலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1892 முதல் தைப்பூசம் நடக்கும் இடம். அதே சுண்ணாம்புக்கல்தான் கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியிலும் கிடக்கிறது. மலையில் கண்ணுக்குத் தெரியும் குகையும் பிளவும் தரைக்குக் கீழேயும் உண்டு. அங்கே அவற்றைக் களிமண்ணும் பழைய ஈயச் சுரங்கங்களின் மணலும் சேறும் மூடியிருக்கின்றன. மண் பரிசோதனைக்குத் துளை போடும் குழுக்களோடுதான் இந்த நகரில் என் வேலைக்காலம் கழிந்தது. கோபுரங்களைக் கட்டியவர்களைப் பற்றி எழுதப் பலர் உண்டு. அவை எழும்புமுன் ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, அடிகளை எண்ணியவர்களின் தொழிலைப் பற்றி நான் எழுதுகிறேன்.

இந்தத் தொழில் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் தண்ணீரைப் பாய்ச்சித் துளை போடுவார்கள். மேலே வரும் கலங்கலைப் பார்த்து ‘இது களி, இது மணல்’ என்று குறித்துக்கொள்வார்கள். மண் எவ்வளவு தாங்கும் என்பது கலங்கலில் எப்படித் தெரியும்? 1902இல் சார்ல்ஸ் கோ என்ற ஒப்பந்ததாரர் ஓர் அங்குலக் குழாயைத் துளையின் அடியில் வைத்து, 110 பவுண்டு எடையால் அடித்து இறக்கி, மண்ணை வெளியே எடுத்துப் பார்த்தார். 1920களின் கடைசியில் ஹாரி மோர், கோர்டன் பிளெட்சர் போன்றவர்கள் இம்முறையை ஒழுங்குபடுத்தினார்கள்: நீளவாக்கில் இரண்டாகத் திறக்கும் இரண்டு அங்குலக் குழாய், 140 பவுண்டு சம்மட்டி, 30 அங்குல உயரம். 1947இல் கார்ல் டெர்சாகி இதை ‘நிலையான ஊடுருவல் சோதனை’ என்று குறிப்பிட்டார். மறு ஆண்டு ரால்ஃப் பெக்கோடு சேர்ந்து அவர் எழுதிய பாடநூல் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது.

இன்றும் அதே அளவுகள்தான். 63.5 கிலோ சம்மட்டி 76 செ.மீ. உயரத்திலிருந்து விழும். குழாய் 45 செ.மீ. இறங்க வேண்டும். துளையின் அடியில் மண் கலைந்திருக்கும் என்பதால் முதல் 15 செ.மீ.க்கான அடிகள் கணக்கில் சேராது. மீதி 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்ததோ அதுவே அந்த ஆழத்தின் எண். களிமண்ணில் 4க்குக் கீழே என்றால் மென்மை. 30க்கு மேலே என்றால் நகம் பதிவதே சிரமம். ஆனால் களிமண்ணைப் பொறுத்தவரை இந்த எண் தோராயமான சாட்சிதான். பெரிய கட்டடமென்றால் கலையாத மண்மாதிரியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

கோலாலம்பூர் நிலம் இந்த எண்ணைப் படாத பாடு படுத்தும். ஆழம் போகப் போக எண் ஏறுவதுதான் பெரும்பாலும் வழக்கம். இங்கே 6, 9, 14 என்று ஏறிவந்தது கல்லை நெருங்கும்போது சட்டென்று சுழியாகிவிடும். சம்மட்டியைத் தூக்கவே வேண்டாம். குழாயோடு இணைத்த கம்பிகளின் கனத்திலேயே அது இறங்கும். மழைநீர் காலங்காலமாகக் கல்லைக் கரைத்துவர, மேலிருக்கும் மண் அந்தப் பள்ளங்களுக்குள் சரிந்து தளர்ந்துபோயிருக்கும். அதற்கும் கீழே சம்மட்டி துள்ளும். “கல்லு வந்துருச்சு அண்ணே” என்று பையன் குரல் கொடுப்பான்.

வந்தது கல்தான். ஆனால் அது தனியாகக் கிடக்கும் பாறையாக இருக்கலாம், குகையின் கூரையாகவும் இருக்கலாம். அதனால்தான் சுண்ணாம்புக்கல்லில் சம்மட்டியை வைத்துவிட்டு வைரமுனை பொருத்திக் குடைந்து, கல்லைத் தண்டாக வெளியே எடுக்கிறோம். துளைக்குள் விட்ட தண்ணீர் திரும்பி வராமல் போனால் கீழே வெற்றிடம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பொந்தில்லாத கல் 10 மீட்டருக்குத் தொடர்ந்து வந்தால்தான் மனம் ஆறும். டெர்சாகிக்கு இந்த நிலத்தின் குணம் தெரியும். குரோவேஷியாவின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் சுற்றி ஆராய்ந்து 1913இலேயே கட்டுரை வெளியிட்டவர் அவர். அடிகளின் எண்ணை மண்ணின் உறுதியோடு பொருத்தும் அவருடைய அட்டவணையை மட்டும் பெயர்த்தெடுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்க்காமல் கணக்குப் போடுவது அவருக்கே செய்யும் அநியாயம்.

எங்களுக்கு முன்பே இந்தக் கல்லைக் கண்டவர்கள் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள். 1857இல் அம்பாங் பக்கம் 87 சீனத் தொழிலாளர்கள் ஈயம் தேடி வந்ததிலிருந்துதான் இந்த நகரத்தின் கதையே தொடங்குகிறது. பின்னாளில் தண்ணீரைப் பீச்சி மண்ணைக் கரைத்தபோது, ஈறு விலகினால் தெரியும் பற்களைப் போலக் கூரிய கல்முனைகள் வெளியே வந்தன. ஈயம் தீர்ந்தபின் கழிவு மணலும் சேறும் அதே பள்ளங்களுக்குப் போயின. சில பள்ளங்கள் ஏரிகளாயின. தித்திவங்சா ஏரி அப்படி வந்ததுதான். வேறு சில, மேலே புல் முளைத்து வீட்டு மனைகளாயின. அந்தச் சேற்றுக் களி சீக்கிரத்தில் இறுகாது.

இப்படிப்பட்ட மனைகளில் மெக்கின்டோஷ் கம்பியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 5 கிலோ எடையை 28 செ.மீ. உயரத்திலிருந்து கையால் போடும் எளிய கருவி, 30 செ.மீ.க்கு 400 அடி விழுந்தால் நிறுத்திவிடலாம். மேல்மண்ணின் மென்மையை அறிய நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நின்ற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

துளை போட்டதன் பலனைப் பார்க்க விரும்புகிறவர்கள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்கலாம். முதலில் குறித்த இடத்தில் சுண்ணாம்புக்கல் செங்குத்தாகச் சரிந்து இறங்குவதை மண் ஆய்வு காட்டியது. கோபுரத்தின் ஒரு பாதி கல்லின் மேலும் மறு பாதி மண்ணின் மேலும் நின்றால் அது சாயும். எனவே திட்டத்தையே 60 மீட்டர் நகர்த்தினார்கள். புதிய இடத்தில் கோபுரத்தைக் கல்லின்மேல் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கோபுரத்துக்கும் 60 முதல் 114 மீட்டர் ஆழம்வரை கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கி, மண்ணின் பிடிப்பிலேயே நிற்கவைத்தார்கள். கீழே கல்லிலிருந்த பொந்துகளில் சிமெண்டுக் கூழைச் செலுத்தி அடைத்தார்கள். தூண்களின் மேல் 4.5 மீட்டர் தடிமனில் கான்கிரீட் தளம். அதன்மேல்தான் 452 மீட்டர் உயரம் நிற்கிறது.

452 மீட்டருக்குச் செய்ததை இரண்டு மாடி வீட்டுக்கும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மனையோ வீடோ வாங்குகிறவர்கள், ஓடு என்ன நிறம் என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது பழைய ஈயச் சுரங்க நிலமா? துளை போட்ட அறிக்கை எங்கே? அறிக்கையைக் காட்டினால், கல்லைத் தொட்ட பிறகும் எவ்வளவு தூரம் குடைந்தார்கள் என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காட்ட மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.