மெகாஸ்குவிர்ட்

மெகாஸ்குவிர்ட் என்பது பெட்ரோல் பொறிகளின் எரிபொருள் உட்செலுத்தலைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டகம் ஆகும். வாகனத்துடன் வந்த கணினிக்கு மாற்றாகவோ, கார்புரேட்டர் உடைய பழைய பொறியை உட்செலுத்தலுக்கு மாற்றும்போதோ இது பொருத்தப்படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர் இதனை வடிவமைத்தனர். 2001ஆம் ஆண்டு முதல், பயனரே பற்றவைத்துச் சேர்க்கும் உதிரித் தொகுப்பாக இது கிடைத்தது. முதற்பதிப்பு எரிபொருளை மட்டுமே கட்டுப்படுத்தியது. பின்வந்த பதிப்புகள் தீப்பொறி நேரத்தையும் கட்டுப்படுத்துகின்றன.

செயற்படும் முறை

இக்கருவி பொறிக்குள் செல்லும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. உள்ளிழு குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, பொறியின் சுழல்வேகம் ஆகியவற்றிலிருந்து காற்றின் நிறையைக் கணிக்கிறது. எனவே உணரி தவறாகக் காட்டினால் எரிபொருள் அளவும் தவறும். எடுத்துக்காட்டாக, 30° செ. காற்றை 60° செ. எனக் கருவி கருதினால், காற்றின் அடர்த்தியை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவாகக் கணித்து, அந்த அளவுக்கு எரிபொருளையும் குறைக்கும். பெருஞ்சுமையில் இக்குறைவு முன்வெடிப்பை உண்டாக்கி பிஸ்டனைச் சேதப்படுத்தக்கூடும்.

உணரிகளின் அளவுத்திருத்தம்

அழுத்த உணரி: பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் இது வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் இது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சுமார் 1600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் ஏறத்தாழ 83 கிலோபாஸ்கல்.

வெப்பநிலை உணரிகள்: இவை வெப்பம் கூடக் கூட மின்தடை குறையும் தடையங்கள் ஆகும். பரவலாகப் பயன்படும் ஜெனரல் மோட்டார்ஸ் உணரியின் தடை 30° செல்சியசில் 2238 ஓம், 99° செல்சியசில் 177 ஓம். கருவியினுள் உள்ள 2490 ஓம் தடையத்துடன் இது 5 வோல்ட்டைப் பங்கிடுவதால், முறையே 2.37 வோல்ட்டும் 0.33 வோல்ட்டும் கிடைக்கும். வேறு உணரியைப் பயன்படுத்துவோர் அதன் தடையை மூன்று வெப்பநிலைகளில் அளந்து உள்ளிட வேண்டும். உணரியின் எதிர்முனைக் கம்பியைக் கருவிக்கே கொண்டுசெல்வது நல்லது. பொறியின் உடலில் இணைத்தால் மின்னழுத்தம் சற்றுக் கூடி, பொறி உள்ளதைவிடக் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும்.

திராட்டில் உணரி: மிதியை விட்ட நிலை, முழுதும் அழுத்திய நிலை ஆகிய இரண்டையும் பதிய வேண்டும். கையால் திறக்காமல் மிதியாலேயே திறந்து பார்த்தால், கம்பிவடம் முழுமையாக இழுக்கிறதா என்பதும் தெரியவரும்.

வெற்றோட்ட அமைப்பு

பட்டறைகளில் ஐடிலிங் எனப்படும் வெற்றோட்டத்தை, பொறி நன்கு சூடான பிறகே சீரமைக்க வேண்டும். அதற்கு முன், தீப்பொறி நேரத்தை ஒரு நிலையான கோணத்தில் நிறுத்தி, டைமிங் விளக்கைக் கொண்டு கப்பியின் குறியுடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிடில் அடுத்த படிகளால் பயனில்லை. பிறகு பின்வரும் வரிசை பின்பற்றப்படுகிறது.

1. ஆக்சிசன் உணரியின் பின்னூட்டத்தை நிறுத்துதல்.
2. வெற்றோட்டக் காற்று அடைப்பிதழை மூடி, திராட்டில் திருகால் சுழல்வேகத்தை இலக்கைவிடச் சற்றுக் குறைவாக வைத்தல்.
3. திருகு நகர்ந்துவிட்டதால் திராட்டில் உணரியை மீண்டும் பதிதல். இதனை மறந்தால் மிதி விடப்பட்டதைக் கருவி அறியாது. வெற்றோட்டக் கட்டுப்பாடும் தொடங்காது.
4. எரிபொருள் கலவையைச் சீராக்கிய பின்னரே தானியங்கிக் கட்டுப்பாட்டை இயக்குதல்.

சுழல்வேகம் ஏறியிறங்கிக்கொண்டே இருந்தால், கட்டுப்பாட்டின் பெருக்க மதிப்பு மிகையாக இருக்கலாம். உள்ளிழு குழாயில் காற்றுக் கசிவும் இதற்குக் காரணமாகலாம். கசிவை முதலில் தேடுவதே முறை. கசிவு உள்ள பொறியில் எண்களை மாற்றுவது குறையை மறைக்குமேயன்றி நீக்காது.

ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பை மட்டும் மாற்றி, பழைய அமைப்புக் கோப்பைச் சேமித்து வைப்பது பிழையைக் கண்டறிய உதவும்.