மஞ்சள் நிறத்துக்காகக் காத்திருந்த நாட்கள்

2001 ஏப்ரல், அமெரிக்காவோட டென்னசி மாநிலம். குறைமாசத்துல பிறந்த ஒரு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுல இருக்கு. பதினோராம் நாள் காய்ச்சல் வருது. மூளைக்காய்ச்சல்னு தெரியுது. அடுத்த ஒன்பது நாள்ல குழந்தை இறந்துடுது.

குழந்தையோட தண்டுவட நீர்ல வளர்ந்த பாக்டீரியா, கொடுத்த பால் பவுடர்லயும் இருந்தது. அதே பேட்ச்ல, திறக்காத டின்லயும் இருந்தது. இந்த இடம்தான் எனக்கு முக்கியம். திறந்த டின்ல மட்டும் இருந்திருந்தா, நர்ஸோட கை, பாட்டில், தண்ணினு பழியைப் போட்டுட்டுப் போயிருப்பாங்க.

கிருமி புதுசு இல்ல. இங்கிலாந்துல ரெண்டு பச்சிளம் குழந்தைகள் இதனால இறந்ததை 1961லயே மருத்துவர்கள் எழுதியிருக்காங்க. அப்போ அதுக்குத் தனிப்பேர்கூட கிடையாது, வேறொரு பாக்டீரியாவோட 'மஞ்சள்' வகைனுதான் நினைச்சாங்க. 1980ல ஜப்பானிய நுண்ணுயிரியலாளர் ரீச்சி சகசாகியைக் கௌரவிச்சு என்டரோபாக்டர் சகசாகினு பேர் வந்தது. பின்னாடி அது குரோனோபாக்டர் ஆச்சு. கிரேக்கக் கதையில பெத்த பிள்ளைகளையே விழுங்குவானே குரோனஸ், அவன் பேர். வெச்சவங்களுக்குத் துணிச்சல்தான்!

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? 2002ல அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்ன முறையில, பவுடரைக் கரைச்சு ஒரு ராத்திரி வளர்க்கணும். அதுல கொஞ்சம் எடுத்து வேற கரைசல்ல இன்னொரு ராத்திரி. அப்புறம் ஒரு தட்டு. அப்புறம் இன்னொரு தட்டுல ரெண்டு மூணு நாள் வெச்சு, மஞ்சளாகுதானு பார்க்கணும். கிட்டத்தட்ட ஒரு வாரம். அதுலயும் ஒரு வில்லங்கம்: எல்லா வகையும் மஞ்சளாகாது.

2012ல அதே நிர்வாகம் முறையை மாத்துச்சு. இந்தக் கிருமியோட நொதி பட்டா நீலப்பச்சையா நிறம் காட்டுற தட்டு வந்தது. கூடவே பிசிஆர். ஆமா, கோவிட் நேரத்துல மூக்குல குச்சி விட்டாங்களே, அதே பிசிஆர்தான். கிருமி இல்லைனா ஏறத்தாழ ஒரு நாள்ல சொல்லிடலாம்.

ஆனா அந்த முதல் ராத்திரி மட்டும் போகல. பவுடர்ல கிருமி ரொம்பக் கம்மி, அதுவும் காஞ்சு சோர்ந்து கிடக்கும். பிசிஆரோ செத்த கிருமியோட டிஎன்ஏவையும் காட்டும். அதனால முதல்ல வளர விட்டே ஆகணும். கோடெக்ஸ் விதிப்படி 10 கிராம் வீதம் 30 மாதிரி எடுப்பாங்க, ஒண்ணுலகூட இருக்கக்கூடாது. அப்பவும் சோதிச்சது 300 கிராம்தான், மீதி பேட்ச் அப்படியே கடைக்குப் போகுது. அதனாலதான் உலக சுகாதார நிறுவனம், 70 டிகிரிக்குக் குறையாத தண்ணியில பவுடரைக் கரைச்சு, ஆற வெச்சு உடனே கொடுக்கச் சொல்லுது.